ஞாயிற்றுக்கிழமை அத்தை

ஜனவரி 1, புதன்

கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு லட்டும் ஒரு டைரியும் கொடுத்தார்கள். லட்டு வரிசையில் நிற்கும்போதே தீர்ந்தது. டைரி மிச்சம்.

ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். அதனால் இதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மறுவேலை. மீறி எடுத்துப் படிக்கிறவள் நாசமாய்ப் போக.

ஒரு இடத்திலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். நான் பச்சையம்மாள். வயசு இருபத்து நாலு, ஊர் போளூர் பக்கம். இந்த செல்போன் கம்பெனியில் நவம்பரில் சேர்ந்தேன். கம்பெனி பேப்பரில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட் வேனில் வரும்போதே சொன்னான்: “கல்யாணம் ஆகலன்னு எழுதிடுங்க. கொழந்த குட்டின்னு சொன்னா ஹாஸ்டலும் கெடையாது, வேலையும் கெடையாது.” அப்படியே எழுதிக் கொடுத்தேன். தாலியை முன்னமே கழற்றியாயிற்று. கட்டினவன் பெங்களூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தும்போது எனக்கெதற்கு அது? கால் விரலில் மெட்டித் தழும்பு மட்டும் போகவில்லை. ரூமில்கூட சாக்ஸோடு திரிகிறேன். கேட்டால் குளிர் என்கிறேன்.

எனக்கு ஒரு பெண் குழந்தை. தேஜாஸ்ரீ. மார்ச்சில் மூணு முடிகிறது. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மேகலா அண்ணி பார்த்துக்கொள்கிறாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்து ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம் என்கிறார்கள். அப்புறம் வெளியே ரூம் எடுத்து என் பிள்ளையை நானே வளர்ப்பேன். இன்னும் பத்து மாசம்தான்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது.

அண்ணனும் அண்ணியும் தேஜுவைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தார்கள். நான் படியிறங்கி வருவதற்குள் அவள் “ம்மா!” என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், வாட்ச்மேன்கூடத் திரும்பினான். வார்டன் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அண்ணிதான் காப்பாற்றினாள். “எங்க பொண்ணு மேடம். அத்தமேல உயிரு. பாக்கறவங்க எல்லாரையும் அம்மான்னுதான் கூப்புடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வார்டன் ரிஜிஸ்டரில் ‘அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை’ என்று எழுதிக்கொண்டாள். அண்ணி மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பேன். நல்ல மனுஷி.

பார்க்கில் உட்கார்ந்து முடிவு செய்தோம். தேஜுவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டுகிட்ட வந்தால் நான் அத்தை, அண்ணி அம்மா, அண்ணன் அப்பா. நியாயமாகப் பார்த்தால் அண்ணிதான் அவளுக்கு அத்தை. இடத்தை மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

இந்த வாரம் ஏ ஷிப்ட். காலை ஆறு மணியிலிருந்து ரெண்டு மணி வரை. சாயங்காலம் முழுக்க என்னுடையது. வீடியோ காலில் பாடம் நடத்தினேன்.

“கேட்டுகிட்ட வந்தா நான் யாரு?”

“அத்த.”

“ஊட்ல?”

“அம்மா.”

“சத்தமா சொல்லு. கேட்டுல?”

“அத்த, அத்த, அத்த!”

சரியாகச் சொன்னால் அண்ணி ஒரு ஜெம்ஸ் மிட்டாய் கொடுக்கிறாள். என் பிள்ளை கற்பூரம். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறாள்.

அடுத்த வாரம் பி ஷிப்ட். காலையில் போன் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும், மதியச் சோற்றுக்கு அவன் வந்தால்தான் வீட்டுக்கு வரும். நான் வெளியே வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அதற்கடுத்த வாரம் சி ஷிப்ட். அவள் விழித்திருக்கும்போது நான் தூங்க வேண்டும். ஆகமொத்தம் மூன்று வாரத்தில் ஒரு வாரம் நான் தாய்.

ஜனவரி 26, ஞாயிறு

தேஜு பிரமாதப்படுத்திவிட்டாள். கேட்டைப் பார்த்ததுமே “அத்த!” என்று கை நீட்டினாள். வார்டன் கன்னத்தைக் கிள்ளி பிஸ்கட் கொடுத்தாள். “உங்கம்மா எங்கடி?” என்று கேட்டதற்கு அண்ணியின் முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். யாரும் கண்ணைக் காட்டாமலே.

எனக்குப் பெருமையாக இருந்தது. பெற்ற பிள்ளை என்னை அத்தை என்று கூப்பிட்டதற்குப் பெருமைப்படுகிறேன். நானெல்லாம் என்ன ஜென்மமோ.

பஸ் ஏற்றிவிடும்போதும் “போயிட்டு வரன் அத்த” என்றாள். கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு ரெண்டு கிலோமீட்டர். விளையாட்டு முடிந்துவிட்டது என்று சொல்ல நான்தான் மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பி ஷிப்ட். தூங்கிவிட்டாளாம்.

பிப்ரவரி 6, வியாழன்

தூங்கிவிட்டாளாம். துணி துவைத்தேன். சோப்பு தீர்ந்தது.

பிப்ரவரி 19, புதன்

ஏ ஷிப்ட். ரெண்டரைக்கே போன் போட்டுவிட்டேன். தேஜு கோழிக்குஞ்சு பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள், நிற்கவில்லை. அண்ணி “வாடி இங்க, அத்த கூப்புடுது பாரு” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் கவனிக்கவே இல்லை. பழக்கதோஷம். இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஆகுமா? வளர்க்கிறவளிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

தேஜுவுக்கு இன்று காது குத்து. குலதெய்வம் கோயிலில் வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. ஏற்றுமதி அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓட்டினார்கள். “அண்ணன் பொண்ணு காது குத்துக்கெல்லாம் ஆறு பேர் லீவு கேட்டா நான் எங்கம்மா போவேன்?” என்றார் லைன் லீடர் சுபாஷினி மேடம்.

சாயங்காலம் அண்ணன் போட்டோ அனுப்பினான். தேஜு மொட்டை, சந்தனம், பச்சைப் பட்டுப்பாவாடை. வாயை அகலமாகத் திறந்து அழுகிறாள். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்துக் குத்துவார்கள். என் அண்ணன் மடியில்தான் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டோவில் அண்ணியின் தம்பி மடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன் போட்டுக் கேட்டேன். “எனக்கு முதுகு புடிச்சிக்கிச்சிம்மா, கீழ ஒக்கார முடியல” என்றான் அண்ணன். முதுகு வலி யாருக்கும் வரக்கூடியதுதான். மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவன். அதே ஆல்பத்தில் அண்ணன் சம்மணம் போட்டுப் பந்தியில் சாப்பிடுகிற போட்டோவும் இருக்கிறது. வலி அதற்குப் பிறகு வந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

மதியம் பன்னிரண்டுக்கு அண்ணன் போன். தேஜுவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், காலையில் கை கால் இழுத்துக்கொண்டதாம். திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். பின்னால் அண்ணி அழுவது கேட்டது.

இரண்டு மணிக்கு ஷிப்ட். லைனில் நிற்காமல் நேராக சுபாஷினி மேடம் டேபிளுக்குப் போனேன்.

“லீவு வேணும் மேடம். கொழந்தைக்கு வலிப்பு வந்திருச்சாம்.”

“எந்தக் கொழந்தைக்கு?”

“அண்ணன் கொழந்தைக்கு.”

“அண்ணன் கொழந்தைக்கு அண்ணனும் அண்ணியும் இருக்காங்க இல்ல? இன்னிக்கு நாலு பேர் வரல பச்சையம்மா. உன் கொழந்தைன்னா சொல்லு, இப்பவே கேட் பாஸ் எழுதித் தரேன்.”

பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம்” என்றேன். “என் கொழந்த இல்ல.”

போய் லைனில் நின்றேன். ஒரு போனுக்கு நாலு ஸ்க்ரூ, இருபத்திரண்டு செகண்டு. அதற்குள் அடுத்தது வந்துவிடும். எட்டு மணி நேரமும் ஒரு ஸ்க்ரூகூட நான் கோணலாக முடுக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனேன். வெள்ளிக்கிழமையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். தேஜு இளைத்துப்போய், ஊசி போட்ட கையில் பிளாஸ்திரியோடு பாயில் கிடந்தாள். பக்கத்தில் அண்ணி. நாலு நாளாக மாற்றாத சேலை, தலை வாரவில்லை.

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தேஜு திடீரென்று எழுந்து “அம்மா!” என்று அலறினாள். நான் பாய்ந்து எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் கைக்கு அடியில் புகுந்து அண்ணியிடம் போய்விட்டாள். அவள் தோளில் வாந்தி எடுத்தாள். அண்ணி முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே “ஒண்ணும் இல்லடி தங்கம், அம்மா இருக்கன், அம்மா இருக்கன்” என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தரை துடைக்கத் தண்ணீர் கொண்டு வரப் போனேன்.

கோபப்படவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கண் மூடாமல் உட்கார்ந்தவள் அவள். நான் “என் கொழந்த இல்ல” என்று சொன்னவள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று சுபாஷினி மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேஜு, பெங்களூர்க்காரன், ஏஜென்ட், எல்லாம்.

“லூசாம்மா நீ?” என்றார் அவர். “கொழந்த இருந்தா வேலை இல்லன்னு யாரு சொன்னது? பின்பக்க கேட்டுகிட்ட கொழந்தைங்க காப்பகம் இருக்கே, பார்த்ததில்லையா? நம்ம லைன்லயே மூணு பேரு அங்க உட்டுட்டுத்தான் வேலைக்கு வராங்க. கேட்டிருந்தா அப்பவே ஜெனரல் ஷிப்ட் போட்டுக் குடுத்திருப்பேன்.”

பார்த்திருக்கிறேன். சுவரில் யானை, குருவியெல்லாம் வரைந்திருக்கும். தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

“அன்னிக்கு லீவு கேட்டியே, அது உன் கொழந்தையா?” என்றார். தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரூமில் பானுவிடம் மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “எனக்கும் ஒரு பையன் இருக்கான்டி, ஆம்பூர்ல. ஒண்ணாவது போகப்போறான். யார்கிட்டயும் சொல்லிடாத” என்றாள். அவளுக்கும் அதே ஏஜென்ட். ஒரே ரூமில் ரெண்டு தாய்கள், அஞ்சு மாசமாக ஒருத்திக்கொருத்தி கன்னி வேஷம் போட்டிருக்கிறோம். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், பானு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

மே 18, ஞாயிறு

சுபாஷினி மேடம் சொன்னபடி ஜெனரல் ஷிப்ட் போட்டுக் கொடுத்துவிட்டார், இனிமேல் பகல் வேலை மட்டும்தான். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு ரூம் எடுத்துவிட்டேன். இன்று போய்த் தேஜுவைக் கூட்டி வந்துவிட்டேன்.

அண்ணி துணி மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “காலைல பால் குடிக்காது, ராகிக் கூழுதான். முட்டைல மஞ்சக் கரு துப்பிடும். தூங்கறப்ப காதைப் புடிச்சிக்கும், புடிச்சிக்கட்டும், கைய எடுத்து உடாத.” என் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒருத்தி பாடம் எடுக்கிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

“பச்ச, அவ தாங்க மாட்டா” என்றான் அண்ணன் மெல்ல.

“நான் மட்டும் தாங்கினனா?” என்றேன்.

அண்ணி வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தே, “தூக்கிக்கினு போ. உன் கொழந்ததான, நான் யாரு?” என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

பஸ்ஸில் தேஜு அழவில்லை. சொன்னேன்: “இனிமே கேட்டு கெடையாது. வெளையாட்டு முடிஞ்சிபோச்சி. நான்தான் உன் அம்மா, அவங்க அத்த. சரியா?” சரி என்று தலையாட்டினாள். கற்பூரம் என்று சும்மாவா சொன்னேன்.

மே 21, புதன்

ஹவுஸ் ஓனர் அக்கா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “பாப்பா, உங்கம்மா எங்க?” என்றார். தேஜு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டு “இதான் அம்மா!” என்றாள், தெருவே கேட்கும்படி.

ஆறு மாசம் கழித்து! மூன்றே நாளில்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்காவுக்குக் கீரை முழுவதையும் நானே ஆய்ந்து கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

சாயங்காலம் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் தேஜு தன் பையில் துணியையெல்லாம் திணித்து, அதைக் கதவோரம் இழுத்து வைத்து, மேலே உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறு சாயங்காலமானால் ஊருக்கு பஸ் ஏறுவதுதானே இத்தனை மாசமாக வழக்கம்.

“இங்கதான்டி இனிமே இருக்கப்போறோம்” என்றேன். அழவில்லை. இறங்கி வந்து சாப்பிட்டாள். ரெண்டு வாய்.

அண்ணி இந்த வாரத்தில் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் பிள்ளை ஏங்கிவிடும். கொஞ்ச நாள் மறக்கட்டும். நான் செய்வது சரிதான்.

ஜூன் 4, புதன்

காப்பகத்து ஆயா, “இந்த மாதிரி சமத்துப் புள்ளைய நான் பாத்ததில்ல. அழவே மாட்டேங்குது” என்றார். மற்ற பிள்ளைகள் தாயைப் பிடித்துக்கொண்டு உருளுகின்றன. தேஜு உள்ளே போகும்போது எல்லார் முன்னாலும் “டாட்டா அம்மா” என்கிறாள். ஆயா அவள் எடை பார்த்தாராம், ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறதாம். “சத்துமாவு குடு” என்றார்.

வேலை விட்டு வந்து குளிப்பாட்டினேன். கதவு சாத்தியிருந்தது, நாங்கள் ரெண்டு பேர்தான். முதல் சொம்பு ஊற்றியதும் துள்ளினாள்.

“அத்த, தண்ணி சுடுது.”

பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். வாய் தவறி வந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

வாய் தவறி இல்லை.

ஆறு நாளாகக் கவனிக்கிறேன். ஹவுஸ் ஓனர் அக்கா எதிரில் அம்மா. காப்பகத்தில் அம்மா. கடையில் அம்மா. கதவைச் சாத்தினால் அத்தை. “அத்த, மூச்சா வருது.” “அத்த, லைட்டு போடு.” ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

இன்று மடியில் உட்கார வைத்துக் கேட்டேன்: “ஏன்டி தங்கம், நான் யாரு?”

தேஜு ஜன்னலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகு என் காதருகே வந்து, “நீ அத்த. வெளிய யாராச்சும் கேட்டாதான் அம்மா” என்று ரகசியம் சொன்னாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகச் சொன்னேனா என்று. கையை நீட்டி, “மிட்டாய்?” என்றாள்.

பிள்ளை ஒன்றையும் மறக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறாள். மற்றவர் எதிரில் ஒன்று சொல்ல வேண்டும், உள்ளுக்குள் வேறொன்று என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். வார்டனுமில்லை, ஏஜென்டுமில்லை, அண்ணியுமில்லை. நான்.

ஜூன் 12, வியாழன்

ராகிக் கூழையும் துப்பிவிட்டாள். தூக்கத்தில் என் காதைப் பிடித்தாள். பிடித்துப் பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே கையை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று அண்ணனுக்கு நானே போன் போட்டேன். பிள்ளையை நான் தூக்கி வந்த நாளிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை என்றான். நீ கவலைப்படாதே, அது எங்க பாடு என்றும் சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

ராத்திரி முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். பெற்றவள் நான். சட்டம் என் பக்கம். இன்னும் ரெண்டு மாசம், நாலு மாசம் வைத்திருந்தால் பழகிவிடுவாள், பிள்ளைகள் எல்லாம் பழகிவிடும். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு தடவை அவளை ஒரு தாயிடமிருந்து பிடுங்கி வைத்தேன், அந்தத் தாய் நான். இப்போது ரெண்டாவது தடவையும் பிடுங்கி வைத்திருக்கிறேன். மூணு வயசுப் பிள்ளைக்கு எத்தனை தடவைதான் தாய் சாவாள்?

காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, முளைத்து வருகிற முடியில் கிளிப் நிற்காததால் அதை கவுனில் குத்திவிட்டேன். பாயில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ரூமில் யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது.

“தேஜு, ஊருக்குப் போலாமா? அம்மாகிட்ட?”

அந்தச் சொல்லை அண்ணிக்காக முதல்முதலாக என் வாயால் சொன்னேன்.

ஒரு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். எழுந்து ஓடிச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கதவுவரை போனவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அத்தயும் வருமா?”

“வரும்டி தங்கம்” என்றேன். “அத்த உன்ன அம்மாகிட்ட உட்டுட்டு, நாளைக்கு ஷிப்ட்டுக்கு வந்துடும்.”